அறிவின் அளவுகோலும் உழவரின் அறிவும்: சேதனப் பருத்திச் செய்கை பற்றிய மதிப்பீடுகள் குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

1. பிரச்சினை

பருத்திச் செய்கையாளர் ஒருவர் தமது தொழில் பற்றி எவ்வளவு அறிந்திருக்கிறார் என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்துத் தொழில்நுட்பம் சார்ந்த ஒரு சிறு வினாவாகவே தோன்றும். ஆயின் அவ்வினாவை எழுப்புவோர் யாவர், எதனை அவர்கள் விடையென ஏற்கின்றனர், அவ்விடைக்கு எண்வடிவம் கொடுத்து எவ்வகைத் தீர்மானங்களுக்கு அதனை ஆதாரமாக்குகின்றனர் என்பவற்றை உசாவத் தொடங்கியதும் அது சமூகவியல் வினாவாக மாறிவிடுகின்றது.

சேதனப் பருத்தி உற்பத்தியில் உலகில் முன்னணியில் நிற்கும் நாடு இந்தியா. மத்தியப் பிரதேசத்தின் நிமார்ப் பகுதி, மகாராட்டிரத்தின் விதர்ப்பம், ஒடிசா, குஜராத் ஆகிய இடங்களில் இச்செய்கை பரவியுள்ளது. இதனையொட்டி, அங்குள்ள வேளாண் பல்கலைக்கழகங்களின் விரிவாக்கக் கல்வித் துறைகளிலே ஒருவகை ஆய்வு வடிவம் நிலைபெற்றுள்ளது. ஒரு மாவட்டம், அதனுள் சில ஊர்கள், ஊருக்குச் சில விவசாயிகள் என நூறு அல்லது இருநூறு பேர் தெரிவுசெய்யப்படுவர். வினாக்கொத்து ஒன்று அவர்கள் முன் வைக்கப்படும். சரியான விடைக்கு ஒன்று, பிழையான விடைக்குச் சைபர் எனப் புள்ளியிடப்படும். பெற்ற புள்ளிகளைக் கொண்டு விவசாயிகள் ‘குறைந்த அறிவுடையோர்’, ‘நடுத்தர அறிவுடையோர்’, ‘உயர்ந்த அறிவுடையோர்’ என மூவகைப்படுத்தப்படுவர். பெரும்பான்மையோர் நடுத்தர அறிவுடையோர் என்பது முடிவாகவும், பயிற்சி முகாம்கள் கூடுதலாக நடத்தப்படல் வேண்டும் என்பது பரிந்துரையாகவும் அமையும்.

இவ்வாய்வுகளைச் செய்வோரின் நேர்மையையோ உழைப்பையோ ஐயுறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. வினாக்கொத்தும் ஒரு பனுவலே. அதற்கு ஓர் ஆசிரியர் உண்டு. அது கருதும் வாசகர் உண்டு. அது சொல்லாமலே ஏற்றுக்கொண்ட உலகநோக்கும் உண்டு. ஏனைய பனுவல்களை நாம் எவ்வாறு அவற்றின் சமூகத் தளத்தில் வைத்து நோக்குகின்றோமோ அவ்வாறே இதனையும் நோக்கலாம். அங்ஙனம் நோக்குமிடத்து, நடைமுறையிலுள்ள அளவுகோல் ஒரு விவசாயி தம் அயலாரிடமிருந்து எவ்வளவு வேறுபடுகிறார், நிறுவனத்தின் சிபார்சுகளிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார் என்னும் இரண்டையுமே அளக்கின்றது என்பதும், அவ்வாறு அளந்ததற்கு ‘அறிவு’ எனப் பெயரிடுவதன் மூலம் சமூக உறவுகளால் விளைந்த இடர்ப்பாடுகளைத் தனிமனிதரின் அறியாமையாக அது மாற்றிக் காட்டுகின்றது என்பதும் புலனாகும்.

2. அளவுகோல் ஆக்கப்படும் முறை

இவ்வகை ஆய்வுகளிற் பெரும்பாலானவை அறிவு என்பதற்குத் தரும் வரைவிலக்கணம், பெஞ்சமின் புளூமும் அவரது சகாக்களும் 1956இல் வெளியிட்ட கல்விக் குறிக்கோள்களின் பாகுபாட்டிலிருந்து பெறப்பட்டது. அப்பாகுபாட்டில் அறிவு, விளக்கம், பிரயோகம், பகுப்பு, தொகுப்பு, மதிப்பீடு என ஆறு படிகள் உள்ளன. இவற்றுள் முதலாவதான அறிவு, நினைவுகூர்தல், இனங்காணல் என்னும் இரு செயல்களுடன் அடங்கிவிடும். வகுப்பறையில் மாணவரின் அடைவை வகுப்பதற்காக உருவான பாகுபாட்டின் அடிப்படி மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு, முப்பது ஆண்டு உழவு அனுபவமுள்ள ஒருவரை அளக்கும் கோலாக ஆக்கப்பட்டுள்ளது. அவர் அன்றாடம் வயலிற் செய்வனவோ பிரயோகம், பகுப்பு, மதிப்பீடு ஆகிய மேற்படிகளைச் சார்ந்தவை. மழை பிந்திய ஆண்டில் விதைப்பைத் தள்ளிப்போடுவதா, பருத்தியைக் கைவிட்டுச் சோயா விதைப்பதா என்று அவர் தீர்மானிக்கும்போது பல தரவுகளை ஒருங்கே நிறுத்துப் பார்க்கிறார். வினாக்கொத்தில் அத்தீர்மானத்துக்கு இடமில்லை.

வினாக்கள் உருவாகும் வழியும் கவனத்துக்குரியது. பல்கலைக்கழக வெளியீடுகள், திணைக்களச் சிபார்சுகள், துறைசார் நிபுணரின் ஆலோசனை ஆகியவற்றிலிருந்து வினாக்கள் திரட்டப்படும். நிபுணர் குழு பொருத்தமற்றவற்றை நீக்கும். எஞ்சியவை ஒரு சிறு விவசாயிகள் குழுவிடம் பரீட்சிக்கப்படும். அப்பரீட்சையின் பின் இரு சுட்டிகள் கணிக்கப்படும். கடினச் சுட்டி, ஒரு வினாவுக்குச் சரியாக விடையளித்தோரின் சதவீதத்தைக் காட்டும். வேறுபிரித்தற் சுட்டி, கூடிய புள்ளி பெற்றோரையும் குறைந்த புள்ளி பெற்றோரையும் அவ்வினா எவ்வளவுக்குப் பிரித்துக் காட்டுகிறது என்பதை உணர்த்தும். இதற்கெனப் பரீட்சிக்கப்பட்டோர் புள்ளி வரிசைப்படி ஆறு சம குழுக்களாக வகுக்கப்பட்டு, நடுவிலுள்ள இரு குழுக்கள் தள்ளப்பட்டு, மேலிரண்டும் கீழிரண்டும் ஒப்பிடப்படும். மிக எளியனவும் மிகக் கடினமானவுமான வினாக்கள் கழிக்கப்படும்; 20 அல்லது 30 சதவீதத்திற்கும் 80 சதவீதத்திற்கும் இடைப்பட்டவை பெரும்பாலும் ஏற்கப்படும். அதன்பின் நம்பகத்தன்மை கணிக்கப்படும். இதற்குக் கூடர், றிச்சட்சன் ஆகிய இருவர் 1937இல் தந்த சூத்திரம் இன்றும் பயன்படுகின்றது.

கணித ஒழுங்கைப் பொறுத்தவரை இம்முறையிற் பெருங் குறை கூறுவதற்கில்லை. பரீட்சார்த்திகளை ஒருவருக்குப் பின் ஒருவராக வரிசைப்படுத்தி, குறிப்பிட்ட தொகையினரைத் தெரிவுசெய்ய வேண்டிய இடத்தில் அது தன் வேலையைச் செவ்வனே செய்யும். சேதனப் பருத்தி செய்வோரை வரிசைப்படுத்தித் தெரிவுசெய்ய வேண்டிய தேவை யாருக்கு, எதன்பொருட்டு ஏற்பட்டது என்னும் கேள்வியே இங்கு எழுப்பப்படாது விடப்படுகின்றது.

3. ‘நடுத்தரம்’ என்னும் முடிவு

பெரும்பான்மையோர் நடுத்தர அறிவுடையோர் என்னும் முடிவு, ஊர் மாறினும் பயிர் மாறினும் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். இதற்கான காரணம் வகைப்படுத்தும் முறையிலேயே உள்ளது. சராசரிப் புள்ளியிலிருந்து ஒரு நியம விலகல் கீழே இருப்போர் குறைந்தோர், ஒரு நியம விலகல் மேலே இருப்போர் உயர்ந்தோர், இடைப்பட்டோர் நடுத்தரத்தார் என வகுப்பதே வழக்கம். புள்ளிகள் ஏறத்தாழச் செவ்வன் பரம்பலைப் பின்பற்றுமாயின் நூற்றுக்கு ஏறத்தாழ 68 பேர் நடுவிலும், 16 பேர் வீதம் இரு பக்கங்களிலும் அமைவர். இது எந்த விவசாயியையும் சந்திக்கு முன்னரே கூறிவிடக்கூடிய முடிவாகும்.

ஒரு கற்பனை உதாரணத்தைக் கொள்வோம். முப்பது வினாக்களுக்கு ஓர் ஊரின் சராசரி 14, நியம விலகல் 4. பத்துக்குக் கீழ்ப்பட்டோர் குறைந்தோர். பதினெட்டுக்கு மேற்பட்டோர் உயர்ந்தோர். ஈராண்டுப் பயிற்சியின் பின் சராசரி 20 ஆக உயர்கிறது, விலகல் மாறவில்லை. இப்பொழுது பதினாறுக்குக் கீழ்ப்பட்டோர் குறைந்தோர் ஆவர். முன்னர் 13 பெற்று நடுத்தரத்தில் இருந்த ஒருவர் இப்பொழுது 15 பெற்று, அறிவு கூடியதன் பின்னரே ‘குறைந்த அறிவுடையவர்’ ஆகிறார். ஊர் முழுவதும் எவ்வளவு கற்றாலும் அறியாதோர் பதினாறு சதவீதத்தினர் எப்பொழுதும் இருந்துகொண்டேயிருப்பர். அவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்ற பரிந்துரையும் எப்பொழுதும் பொருந்தும்.

இவ்வெட்டுமுறைக்கு விரிவாக்கத் துறையில் நெடிய வரலாறு உண்டு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கலப்பினச் சோள விதை பரவிய விதத்தை றையன், குறொஸ் ஆகியோர் ஆராய்ந்து 1943இல் வெளியிட்டனர். அம்மரபில் வந்த எவரெற் ரொஜேர்ஸ், 1962இல் வெளியான தமது நூலில் புத்தாக்கத்தை ஏற்போரைச் சராசரி, நியம விலகல் ஆகியவற்றைக் கொண்டே ஐந்து வகையினராக்கினார். முதலிற் புகுவோர் 2.5 சதவீதம், இறுதியிற் பின்தங்குவோர் 16 சதவீதம். வளைகோட்டிலிட்ட ஒரு வெட்டுக்குப் ‘பின்தங்கியோர்’ என்னும் ஒழுக்கத் தீர்ப்பை ஒட்டும் பெயர் சூட்டப்பட்டது இங்ஙனமே. பரவல் ஆய்வுகள் அமைப்பின் குறைகளுக்குத் தனிமனிதர் மீது பழி சுமத்தும் சாய்வு உடையன என்பதை ரொஜேர்ஸ் தாமே பிந்திய பதிப்புகளில் எடுத்துக்காட்டினார் என்பதும் மனங்கொளத்தக்கது. மூலவர் ஒப்புக்கொண்ட சாய்வை வழிவந்தோர் பலர் இன்னும் அளவுகோலாகப் பேணுகின்றனர்.

4. எல்லோரும் அறிந்தது எங்கே போகிறது?

மேற்கூறிய வகைப்படுத்தலிலும் ஆழமான குறையொன்று வினாத்தெரிவிலே உள்ளது. ஓர் ஊரிலுள்ள அனைவரும் அறிந்த விடயம் பற்றிய வினாவுக்கு அனைவரும் சரியான விடையே அளிப்பர். ஆகவே அது மிக எளியது எனவும், வேறுபிரிக்கும் ஆற்றலற்றது எனவும் கருதப்பட்டு நீக்கப்படும். விதர்ப்பத்துக் கரிசல் மண்ணில் முதல் மழை போதிய அளவு நனைத்த பின்னரே விதைக்க வேண்டும், பருத்தி வரிசைகளுக்கிடையே துவரையை ஊன்றவேண்டும் என்பன போன்றவை ஊரின் பொதுச்சொத்தாக உள்ள அறிவு. இச்செய்கை நிலைபெறுவது இவ்வகை அறிவின் மீதேயாம். மழையை நம்பிய நிலத்தில் பருத்தி பொய்த்த ஆண்டில் துவரை வீட்டுக்கு உணவளிக்கும். ஒரு சமுதாயத்தில் ஓர் அறிவு எவ்வளவுக்கு முழுமையாகப் பரவியுள்ளதோ அவ்வளவுக்கு அது அளவுகோலின் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. எஞ்சியிருப்பவை சிலர் அறிந்து சிலர் அறியாதவை. அவை பெரும்பாலும் அண்மையில் வெளியிலிருந்து வந்தவை. முகாமுக்குச் சென்றோரும் துண்டுப்பிரசுரம் வாசித்தோரும் அறிந்தவை. எனவே புள்ளிகள் கல்வித்தரத்தோடும் நிறுவனத் தொடர்போடும் நேர்த்தொடர்பு கொண்டிருப்பதில் வியப்பில்லை.

வெளியிலிருந்து வந்ததாகக் கருதப்படும் அறிவின் வரலாறும் சிக்கலானது. நிமார்ப் பகுதிக்கு அண்மையிலுள்ள இந்தோர் நகரில், இந்திய மத்திய பருத்திக் குழுவின் ஆதரவோடு 1924இல் தாவரக் கைத்தொழில் நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் பணிப்பாளராயிருந்த அல்பேர்ட் ஹவார்ட், அதற்கு முன் பூசாவில் ஏகாதிபத்திய அரசின் தாவரவியலாளராகப் பணியாற்றியவர். இந்தோரில் அவர் உருவாக்கிய கூட்டெரு முறை, யஷ்வந்த் வாட் என்பாருடன் இணைந்து எழுதிய நூல் வாயிலாக 1931இல் உலகுக்கு அறிமுகமாயிற்று. வன்மையான பருத்தித் தண்டுகளை வண்டிப்பாதையிற் பரப்பிச் சக்கரங்களால் நசுங்கச்செய்து, பின் சாணத்தோடும் மண்ணோடும் அடுக்குவது அம்முறையின் ஓரங்கம். தமக்கு விவசாயம் கற்பித்த ஆசிரியர்கள் என இந்திய உழவரையும் பயிர்ப்பீடைகளையுமே அவர் சுட்டினார். சீன உழவரின் நடைமுறைகளும் அவருக்கு ஆதர்சமாயின. மேற்குலகின் சேதன விவசாய இயக்கம் அவரைத் தன் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றுகின்றது.

இவ்வாறு உழவரிடமிருந்து பெறப்பட்டு, பரிசோதனை நிலையத்திலே முறைப்படுத்தப்பட்டு, நூலாகி, ஐரோப்பாவில் நியமமாகி, ஏற்றுமதிச் சந்தையின் விதியாகத் திரும்பி வந்த ஒன்று இப்பொழுது அவ்வுழவரின் வழித்தோன்றல்களிடமே வினாவாகக் கேட்கப்படுகின்றது. முறைப்படுத்தலால் அறிவு செழுமையடைந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. வெப்பநிலை, ஈரம், கரியம்-நைதரசன் விகிதம் ஆகியன பற்றிய விளக்கம் விஞ்ஞானத்தின் கொடையே. ஆயின் பயணத்தின் முதற்கட்டம் மறக்கப்பட்டு, கொடுத்தவர் பெறுபவராக மட்டும் காட்டப்படுவது வரலாற்றுத் திரிபாகும்.

அளவுகளைக் கேட்கும் வினாக்களில் இத்திரிபு தெளிவாகத் தெரியும். சீவாமிர்தம் என வழங்கும் கரைசலுக்கு 200 லீற்றர் நீரில் சாணம் 10 கிலோ, வெல்லம் 2 கிலோ, பயற்றமா 2 கிலோ எனச் சிபார்சு உண்டு. ஒரே மாட்டை வைத்திருக்கும் ஒருவர், வெல்லம் வாங்க வசதியின்றி, உள்ள சாணத்துக்கேற்பக் கரைசலைக் குறைத்துச் செய்து, அதனை ஈரமுள்ள நாளில் மட்டும் இடுவாராயின் அவர் அளவை மீறியவர் ஆகமாட்டார்; தம் நிலைமைக்கேற்ப அதனை மாற்றியமைத்தவர் ஆவார். மாற்றியமைப்பதற்கு மூலத்தை விளங்கியிருத்தல் வேண்டும். வினாக்கொத்தோ அவருக்குச் சைபர் வழங்கும்.

5. அறிந்தும் செய்யாமை

அறிவுக்குறைவே சேதனச் செய்கை பரவாமைக்குக் காரணம் என்னும் எடுகோளை நிமார்ப் பகுதியிலே நடைபெற்ற ஒரு நீண்டகாலப் பரிசோதனையின் பேறுகளோடு ஒப்பிடலாம். சுவிற்சலாந்தின் சேதன விவசாய ஆராய்ச்சி நிறுவனம் உள்ளூர் அமைப்போடு சேர்ந்து அங்கு 2007இல் தொடங்கிய வயற் பரிசோதனையின் முதல் நான்காண்டுப் பேறுகள் 2013இல் வெளியாயின. முதற் சுற்றில், அதாவது 2007–2008இல், சேதன முறையில் பருத்தி விளைச்சல் வழமை முறையிலும் 29 சதவீதம் குறைந்தது. 2009–2010இல் வழமை முறையின் விளைச்சல் வீழ்ந்தமையால் இரண்டும் ஒத்த அளவின ஆயின. எல்லாப் பயிர்களையும் சேர்த்து நோக்கின், முதற் சுற்றில் வழமை முறையின் மொத்த இலாபம் 29 சதவீதம் கூடுதலாகவும், இரண்டாம் சுற்றில் செலவு குறைந்தமையால் சேதன முறையின் இலாபம் 25 சதவீதம் கூடுதலாகவும் இருந்தன.

பரிசோதனையை நடத்திய விஞ்ஞானிகள் எந்த வினாக்கொத்திலும் முழுப்புள்ளி பெறக்கூடியவர்கள். அவர்களது வயலிலேயே முதற் சுற்றில் விளைச்சல் மூன்றிலொரு பங்கை அண்மித்த அளவு குறைந்ததெனில், அக்குறைவு எவருடைய அறியாமையாலும் நேர்ந்ததன்று. மண்ணும் உயிரினச் சமநிலையும் மாறுவதற்கு எடுக்கும் காலத்தின் விலை அது. நிறுவனம் அவ்விலையைத் தாங்க வல்லது. மூன்று ஏக்கரும் வட்டிக்கடனும் உள்ள குடும்பம் அதனை எங்ஙனம் தாங்கும்? ஓராண்டுப் பயிருக்கு இரண்டாண்டு மாறுநிலைக் காலத்தை நியமங்கள் வேண்டுகின்றன. அக்காலத்தில் விளைச்சல் குறையும். பெரும்பாலும் சாதாரண விலையே கிடைக்கும். இதனை நன்கு கணக்கிட்டுச் சேதன முறையை மறுக்கும் விவசாயி அறிவுள்ளவரா, அறிவற்றவரா? அளவுகோல் இவ்வினாவை எதிர்கொள்வதில்லை.

விதையின் நிலையும் இத்தகையதே. 1970இல் சூரத்தில் உருவாக்கப்பட்ட முதல் வணிகக் கலப்பினப் பருத்தி, ஆண்டுதோறும் விதை வாங்கும் தேவையை உருவாக்கிற்று. 2002இல் பி.ரி. பருத்திக்கு அனுமதி வழங்கப்பட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுகளுள் இந்தியப் பருத்தி நிலத்தின் பத்தில் ஒன்பது பங்கை அது பிடித்துக்கொண்டது. மரபணு மாற்றிய விதையைச் சேதன நியமங்கள் விலக்குகின்றன. மாற்றாத விதையோ சந்தையில் அருகிவிட்டது. ஒரு காலத்தில் இந்திய நிலத்தின் பெரும்பகுதியை நிரப்பி நின்ற நாட்டுப் பருத்தி இனங்கள், சாறு உறிஞ்சும் பூச்சிகளைத் தாங்கவல்லனவாயினும் குறுகிய இழையின என்பதால் ஆலைகளின் நாட்டத்தை இழந்தன. ‘சேதனச் செய்கைக்கு எவ்வகை விதை உகந்தது?’ என்னும் வினாவுக்குச் சரியாக விடையளித்த விவசாயி, அவ்விதையைத் தேடி வெறுங்கையோடு திரும்புவாராயின் அவரது புள்ளியின் பொருள் யாது?

சான்றிதழ் முறையும் அறிவின் பங்கீட்டை வெளிப்படுத்துகின்றது. சிறு விவசாயிகள் குழுவாகவே சான்றளிக்கப்படுவர். குறிப்பேடுகளையும் உள்ளகப் பரிசோதனையையும் குழுவின் அலுவலர் கவனிப்பர். சான்றிதழ் பெரும்பாலும் குழுவை நடத்தும் நிறுவனத்தின் கையில் இருந்து வந்துள்ளது. தமது பருத்தி எங்கு எவ்விலைக்கு விற்கப்படுகிறது என்பதை விவசாயி அறியாதிருப்பின், அதனை அறியவிடாத அமைப்பையன்றோ அளத்தல் வேண்டும்? 2020இல், சேதன நெசவுப்பொருள்களுக்கான உலகளாவிய நியமத்தை நிர்வகிக்கும் அமைப்பு, இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 20,000 தொன் பருத்தி போலிச் சான்றுகளின் மூலம் சேதனப் பருத்தியாகக் காட்டப்பட்டமையை வெளிப்படுத்தியது. வயலிற் கரைசல் அளவு தெரியாமையால் நேர்ந்த தவறன்று இது. ஆவணங்கள் கைமாறும் மேல்தளத்தில் நேர்ந்தது. அத்தளத்திலுள்ளோரின் அறிவை அளப்பதற்கு வினாக்கொத்துகள் இதே முனைப்போடு ஆக்கப்படுவதில்லை.

6. திறனிழப்பும் திறன்காட்டலும்

அறிவைத் தனிமனிதரின் தலைக்குள் உள்ள இருப்பாகக் கொள்ளாது, உற்பத்தி உறவுகளுக்குள் தோன்றி வளர்ந்து தேயும் ஒன்றாகக் காணும் ஆய்வுகளும் உள்ளன. முதலாளித்துவத் தொழிற்சாலை உழைப்பாளியின் திறனைப் பறித்து முகாமைத்துவத்தின் கையில் ஒப்படைக்கும் போக்கை ஹரி பிறேவர்மன் 1974இல் விரித்துரைத்தார். அக்கருத்தை விவசாயத்துக்கு விரித்த மானிடவியலாளர் கிளென் ஸ்ரோன், வாரங்கல் மாவட்டப் பருத்திச் செய்கையாளர் பற்றிய தமது ஆய்வை 2007இல் வெளியிட்டார். விதை வகைகள் விரைந்து மாறி, ஒரே பொருள் பல பெயர்களில் வந்து, விளம்பரமும் அயலாரின் தெரிவுமே வழிகாட்டியானபோது, சிறு அளவிற் பரிசோதித்துத் தாமே கற்றுக்கொள்ளும் பழைய வழி அடைபட்டது என அவர் காட்டினார். அங்கு விவசாயிகளின் அறிவு குறைந்தது உண்மையே. அதனைக் குறைத்தது சந்தை. முகாம் நடத்திப் புள்ளியை உயர்த்தினாலும், கற்றலுக்கான நிலைமைகள் மீளாதவிடத்து அவ்வுயர்வு அடுத்த விதை மாற்றத்தோடு கரைந்துவிடும்.

அன்ட்று பிளாக்ஸ் என்பார் தெலுங்கானாவின் மரபணு மாற்றுப் பருத்தியையும் சேதனப் பருத்தியையும் ஒருங்கே ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட நூல் வேறொரு பரிமாணத்தைச் சேர்க்கின்றது. சேதனத் திட்டங்களில் ஈடுபடும் விவசாயிகள் பார்வையாளர் முன்னிலையில் திறன் காட்டுவோராகவும் அமைகின்றனர். திட்டம் விதையும் இடுபொருளும் சமூக மதிப்பும் வழங்குகையில், புதிய முறைகளைப் பரிசோதிப்பதன் இடர் குறைகின்றது, கற்றலும் நிகழ்கின்றது. இவ்வகையில் அறிவு என்பது ஓரளவுக்கு ஆதரவின் விளைவு. ஆதரவு நீங்கிய பின் எஞ்சுவது என்ன என்பதே முக்கியமான ஆய்வுப்பொருள்.

7. எவருடைய அறிவு?

‘விவசாயி’ என்னும் சொல் ஒரு வர்க்கத்தைக் குறிப்பதாகத் தோன்றினும், ஆய்வேடுகளில் அது நிலப்பதிவில் பெயருள்ள குடும்பத் தலைவரையே பெரும்பாலும் குறிக்கின்றது. பருத்தியிலோ களையெடுத்தலும் பஞ்சு பறித்தலும் பெண்களின் கைகளில் உள்ளன. பனி உலர்ந்த பின் பறித்தல், சருகு சேராது எடுத்தல், புழு துளைத்த காயின் கறைபட்ட பஞ்சைத் தனியே ஒதுக்குதல் ஆகியவற்றிலேயே விற்பனைத் தரம் தங்கியுள்ளது. நாள் முழுதும் வரிசை வரிசையாகச் செடிகளைத் தொட்டுச் செல்லும் கூலிப்பெண்கள் காய்ப்புழுவின் வரவை நிலவுடைமையாளரிலும் முந்திக் காணக்கூடியவர்கள். சேதனச் செய்கையில் களைநாசினி விலக்கப்படுவதால் அவர்களது உழைப்பு மேலும் கூடுகின்றது. அவர்களது அறிவு மாதிரியெடுப்பின் எல்லைக்குள் வருவதில்லை. குத்தகையாளரும் இவ்வாறே விடுபடுகின்றனர். அடுத்த ஆண்டு நிலம் கிடைக்குமோ என அறியாத ஒருவர் மண்வளம் பேணும் முறைகளில் ஈடுபாடு காட்டாமை அறியாமையால் அன்று. அந்நிலத்தின் எதிர்காலம் அவருக்கு உரியதன்று.

8. மறுதலையான தவறும் மாற்று வழிகளும்

இவற்றைக் கூறுமிடத்து, உழவர் எல்லாம் அறிவர், அளத்தலே வீண் என்னும் மறுகோடிக்குச் செல்லுதல் தகாது. அது மக்களைப் போற்றுவது போன்று தோன்றினும் மக்களுக்கு உதவாது. ஹொண்டுராஸ் நாட்டுச் சிறு விவசாயிகளை ஆராய்ந்த ஜெவ்றி பென்ற்லி, 1989இல் வெளியிட்ட கட்டுரையிலே, எளிதிற் காணக்கூடியதும் வாழ்வுக்கு முக்கியமானதுமான தாவரங்களைப் பற்றி அவர்கள் ஆழ்ந்த அறிவுடையோர் என்பதையும், காண்பதற்கரிய ஒட்டுண்ணிகள், நோய்க்கிருமிகள் பற்றி அவ்வறிவு மெலிந்துவிடுகிறது என்பதையும் காட்டினார். பருத்திக்கும் இது பொருந்தும். காய்ப்புழுவின் முட்டையை அழிக்கும் திறைக்கோகிராமா என்னும் குளவி ஒரு மில்லிமீற்றர் நீளமும் அற்றது. அதனை அனுபவத்தால் மட்டும் கண்டறிய எவராலும் இயலாது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு காய்க்குள் மறைந்திருந்து உண்பது. இத்தகைய இடங்களில் விஞ்ஞானம் தரும் அறிவு இன்றியமையாதது. அது சென்றடைந்ததா என்பதை அறிய அளவீடும் தேவை.

ஆகவே எவ்வாறு அளப்பது என்பதே வினா. 1989இல் இந்தோனேசியாவின் நெல்வயல்களிலே தொடங்கிய வயற்பள்ளி இயக்கம் ஒரு பயனுள்ள முன்மாதிரியைத் தந்துள்ளது. அங்கு வினாக்கள் வயலிலேயே நாட்டப்படும். உயிருள்ள பூச்சியும் நோயுற்ற இலையும் வினாவின் பகுதியாகும். பங்குபற்றுவோர் தமது விடையைச் சீட்டாகப் பெட்டியில் இடுவர். 1999 தொடக்கம் 2004 வரை ஆறு ஆசிய நாடுகளில் நடைபெற்ற பருத்திப் பீடை முகாமைத்துவத் திட்டம் இவ்வயற்பள்ளி முறையைப் பருத்திக்கும் கொண்டுவந்தது. இதுவும் பிறர் வகுத்த விடைகளுள் ஒன்றைத் தெரிவதே. எனினும் சொல்லிலிருந்து பொருளுக்கு வினாவை இது நகர்த்துகின்றது.

இதற்கு மேலும் சில திருத்தங்கள் அவசியமாகும். அயலாரோடு ஒப்பிடும் சராசரிக்குப் பதிலாக, இச்செய்கைக்கு இன்றியமையாதவை எவை எனப் பெண் தொழிலாளர் உட்பட ஊரார் சேர்ந்து தீர்மானித்த நியதியோடு ஒப்பிடல் வேண்டும். அனைவரும் அறிந்த விடயங்களைக் கழித்துவிடாது, ஊரின் பொது அறிவு எனத் தனியே பதிவுசெய்தல் வேண்டும். ஒவ்வொரு நடைமுறைக்கும் ‘அறிவீரா’ என்பதோடு ‘செய்தீரா’, ‘செய்யத் தடையாயிருந்தது யாது’ என்பவற்றையும் கேட்டு, அறியாமையால் செய்யாதோரையும் வசதியின்மையால் செய்யாதோரையும் வேறுபிரித்துக் காட்டல் வேண்டும். விடை சிபார்சிலிருந்து விலகும்போது காரணம் உசாவப்படல் வேண்டும்.

9. முடிவுரை

அறிவுக்குறைவு எனத் தீர்மானிக்கப்பட்ட இடத்துக்குப் பயிற்சி வருகிறது. விதை, கடன், விலை, நிலவுரிமை ஆகியன பற்றிய கோரிக்கைகள் பின்தள்ளப்படுகின்றன. பயிற்சி மலிவானது, எவருடைய நலனையும் பாதிக்காதது. அளவுகோலின் கருத்துநிலைப் பணி இதுவே.

இலங்கை வாசகருக்கு இவ்விடயம் தூரத்துச் செய்தியன்று. 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த இரசாயனப் பசளை இறக்குமதித் தடை, நாடு முழுவதையும் ஒரே போகத்திற் சேதனச் செய்கைக்கு மாற்ற முனைந்து, நவம்பரில் கைவிடப்பட்டது. அக்காலத்தில் கமக்காரருக்குச் சேதனப் பசளை தயாரிக்கக் கற்பிக்கவேண்டும் என்று பரவலாகப் பேசப்பட்டது. தேவையான அளவு சேதனப் பொருள் எங்கிருந்து வரும், மாறுநிலைக் காலத்து இழப்பை யார் ஏற்பர் என்பவையே கமக்காரர் எழுப்பிய கேள்விகள். நிமார்ப் பரிசோதனையின் முதற் சுற்றுப் பேறுகள் அதற்கு எட்டாண்டுகள் முன்னரே வெளியாகியிருந்தன. அவை கூறியதையே கமக்காரரும் தம் மொழியிற் கூறினர். அது அறிவாக எண்ணப்படவில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, சேதனச் செய்கை மண்ணுக்கும் மனிதருக்கும் நலம் பயக்கவல்லது என நம்புவோரே இவ்வளவுகோலை முதலில் விமர்சிக்க வேண்டியவர்கள். இடுபொருளை வாங்கும் செய்கையில் அறிவின் ஒரு பகுதி போத்தலிலும் பொதியிலும் அடைபட்டு வருகின்றது. சேதனச் செய்கையிலோ ஒவ்வொரு வயலிலும் ஒவ்வொரு பருவத்திலும் அது புதிதாக ஆக்கப்படல் வேண்டும். அவ்வாக்கத்துக்கு வேண்டிய நிலமும் விதையும் ஓய்வும் துணிவும் உழவருக்கு உண்டா என்பதை ஆய்வாளர் தமது வினாக்கொத்தின் முதற் பக்கத்திலேயே கேட்டல் வேண்டும்.